சேர்ந்திசையும் எயிட்ஸ் நோய் விழிப்பும்

இசையின் பயன் செவியின்பம் ஒன்றே எனக் கொள்வார் பலர். ஏற்றம் இறைத்தோரும் தோணி வலித்தோரும் பாடிய பாட்டுக்கள் இன்பத்துக்கென மட்டும் எழுந்தவையல்ல; பலர் கை ஒருங்கே இயங்குதற்கு எழுந்தவை. ஒப்பாரியோ ஒருத்தியின் துயரை ஊரின் துயராக்கியது. தனித்து நின்று சொல்ல நாக்கூசுவதைக் கூடி நின்று சொல்லலாம் என்பதே குழுப்பாடலின் உயிர்நிலை எனலாம். பேசவே மக்கள் நாணிய ஒரு நோயைப்பற்றி ஊரறியச் சொல்லவேண்டிய நிலை சென்ற நூற்றாண்டின் இறுதியில் உண்டானபோது, இவ்வியல்பு பெரிதும் பயன்பட்டது.

எயிட்ஸ் நோய் 1981ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர்களால் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரசைப் பாரிசு நகரத்துப் பஸ்தர் நிறுவனத்தார் 1983இற் கண்டனர். உடலின் நிர்ப்பீடன ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் இவ்வைரசு, உடலுறவு, குருதி, தாயிடமிருந்து சேய் என்னும் வழிகளாற் பரவுவது. தொடுதலாலும் உடனுண்ணலாலும் பரவுவதன்று. இவ்வளவும் ஒரு துண்டுப் பிரசுரத்தில் அடங்கும். ஆயினும் அப்பிரசுரத்தைக் கைநீட்டி வாங்கினால் அயலவர் என் நினைப்பரோ என்னும் அச்சம் தடுத்தது. பாட்டுக்கோ இத்தடையில்லை. காற்றில் வரும் பாட்டைக் கேட்டவன்மேற் குற்றங் காண்பார் யார்?

உகண்டா நாட்டின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. பிலி லுத்தாயா என்னும் புகழ்பெற்ற பாடகர், தமக்கு இந்நோய் உண்டென 1989ஆம் ஆண்டு வெளிப்படையாக அறிவித்தார். பிறர் இரக்கத்தையோ புகழையோ நாடிச் சொல்கிறார் எனச் சிலர் ஐயுற்றனர். அவரோ உடல் மெலிந்துவந்த நிலையிலும் பாடசாலைகளுக்கும் தேவாலயங்களுக்கும் சென்று பாடினார். அவ்வாண்டு திசெம்பர் 15ஆம் நாள் மறைந்தார். தனிக்குரலின் வலிமையும் துயரும் இவர் வாழ்விற் புலனாகும். புகழுடைய ஒருவர் துணிந்ததனைப் புகழற்ற குடியானவப் பெண் எங்ஙனம் துணிவாள்? இவ்விடத்திலேதான் குழு தேவைப்பட்டது. நோரீன் கலீபா என்னும் அம்மையாரும் பிறரும் 1987இல் அந்நாட்டில் நிறுவிய எயிட்ஸ் ஆதரவு அமைப்பில், நோயுற்றோரே பாடல், நாடகக் குழுக்களாகத் திரண்டனர். ஒருவர் தம் வரலாற்றைக் கூறுவார்; ஏனையோர் பாட்டால் அவரைத் தாங்குவர். உகண்டாப் பெண்களின் இத்தகைய குழுக்களை ஆராய்ந்த கிரெகரி பார்சு என்னும் அமெரிக்க இசையறிஞர் 2006இல் ஒரு நூலே எழுதியுள்ளார்.

1990களின் தொடக்கத்தில் உகண்டாவின் முதிர்ந்தோருள் நூற்றுக்குப் பதினைவர் வரை தொற்றுற்றிருந்தனர் என மதிப்பிடப்பட்டது. பத்தாண்டுகளில் அது பாதியினுங் குறைந்தது. இதனைப் பாட்டின் வெற்றி எனச் சாற்றுதல் பொருந்தாது. அரசின் வெளிப்படையான பேச்சு, ஒழுக்க மாற்றம், ஆணுறைப் பயன்பாடு, நோயுற்றோர் பலர் மாண்டமை எனக் காரணங்கள் பல. அவற்றின் அளவு பற்றி அறிஞர் இன்றும் மாறுபடுவர்.

தென்னாபிரிக்காவிற் சேர்ந்திசை வேறொரு பணியையும் மேற்கொண்டது. டேர்பன் நகரத்து மக்கோட் வைத்தியசாலையில் நோயுற்றோர் தம்முட் கூடிய ஆதரவுக் குழுவொன்று, நம்பிக்கை தருதல் என்னும் பொருள்படச் ‘சினிகிதெம்பா’ எனப் பெயர் பூண்டு பாடற்குழுவாயிற்று. பல குரல்கள் ஒன்றோடொன்று இயைந்து செல்லும் சூலு மக்களின் இசைமரபு அதற்குத் துணையாயிற்று. 1998இல், அதே நாட்டில், தன் நோயை வெளிப்படுத்திய கூகு ட்லாமினி என்னும் பெண் கொல்லப்பட்டாள் என்பதை நினைப்பார்க்கு இவ்வாறு பாடுதற்கு வேண்டிய துணிவு விளங்கும். அவ்வாண்டிலேயே தோன்றிய சிகிச்சைக்கான போராட்ட இயக்கத்தார், நிறவெறிக்கு எதிராகப் பாடப்பட்ட மெட்டுக்களிற் புதிய சொற்களை அமைத்து ஊர்வலங்களிற் பாடினர். தொற்றுடையோரும் இல்லாதோரும் ‘எச்.ஐ.வி. உடையேன்’ என்று பொறித்த ஒரே சட்டையை அணிந்தனர். சேர்ந்திசையும் அச்சட்டை போன்றதே. எக்குரல் யாருடையது எனப் பிரித்தறிய இயலாது. கருவுற்ற தாய்மாருக்கு மருந்து வழங்க மறுத்த அரசுக்கு எதிராக 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தோர் இவ்வியக்கத்தாரே.

பாட்டில் ஓர் இடரும் உண்டு. உரைநடை மறக்கப்படும், பாட்டு மறக்கப்படாது. ஆதலின் பிழையும் நிலைத்துவிடும். மருந்தே இல்லை, வந்தால் மரணமே என்னும் பொருளில் 1980களில் எழுந்த பாடல்கள் அக்காலத்துக்கு உண்மையே. 1996இற் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் அவை பொய்யாயின. இன்று முறைப்படி மருந்துண்டு, குருதியில் வைரசின் அளவு கண்டறிய இயலாதவாறு குறையப் பெற்றவர், உடலுறவால் பிறர்க்கு நோயைக் கடத்துவதில்லை என்பது நிறுவப்பட்ட செய்தி. தமிழிலோ ‘உயிர்க்கொல்லி’ என்னும் அடைமொழி இன்னும் நீங்கியபாடில்லை. எதுகைக்கு வாய்ப்பான சொல் என்பதற்காக அதனைப் பாட்டில் வைப்பது நோயாளரைப் பரிசோதனை நிலையத்தின் வாயிலிலிருந்தே திருப்பியனுப்புவதாகும்.

தமிழ்நாட்டில், சென்னையில், 1986ஆம் ஆண்டு வைத்தியர் சுநீதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இத்தொற்றை இந்தியாவில் முதன்முதல் வெளிப்படுத்தினர். பின்னர் அரசின் எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வில்லுப்பாட்டு, தெருக்கூத்து முதலிய கலைகளின் துணைகொண்டு ஊர்தோறும் செய்தி பரப்பியது. மேலைநாட்டு முறைப்படி குரல்களை அடுக்கிப் பாடுதல் நம் மரபன்று. எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் இசைக்குழுவைக் கொண்டு அதனைத் தமிழுக்கு இசைவித்தமை அருஞ்செயலேயாம். எனினும் வினாவும் விடையுமாகப் பாடும் முறை நமக்குப் பழையது. வில்லுப்பாட்டிற் புலவர் ஒன்றுசொல்லப் பக்கப்பாட்டுக்காரர் வினாவி மறுப்பர், வியப்பர், ஒப்புவர். ஐயுறும் ஊராரின் வாய்ச்சொல்லையே அவர் வாயில் வைத்து, அதற்கு மேடையிலேயே விடை கூறலாம். இவ்வசதி விரிவுரைக்கு ஏது?

ஈழத்துக் கூத்தில் இது இன்னும் செறிவானது. கூத்தர் பாடிய அடியை அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஏற்றுத் திரும்பப் பாடுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்ததன் பயனாக, படித்தோரும் அதனை மதிக்கலாயினர். 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ ஒரு சமூகத்தின் துயரைக் குழுவின் குரலாற் பேசியது. போரின் துயரைப் பேசவல்ல வடிவம் நோயின் துயரைப் பேச மாட்டாதா?

இலங்கையில் 1987ஆம் ஆண்டு இலங்கையர் ஒருவரிடம் முதன்முதலாக இத்தொற்றுக் காணப்பட்டது. தொற்றின் அளவு இங்குக் குறைவே. தாயிடமிருந்து சேய்க்கு இது பரவுதல் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இற் சான்றளித்தது. இருந்தும் அண்மைய ஆண்டுகளில் இளம் ஆண்களிடையே புதிய தொற்றுக்கள் மிகுதலைச் சுகாதாரத் துறையினர் சுட்டியுள்ளனர். பாட்டின் தேவை அவர்கள் இருக்குமிடத்தில்தான். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மார்கழிப் பின்னிரவில் திருவெம்பாவையைக் கூடிப் பாடிப் பழகிய குரல்களுக்குப் பஞ்சமில்லை. பாடசாலைத் தமிழ் மன்றங்களின் மேடையும் உளது. அம்மேடைக்கு எழுதும் புலவர், கொழும்பு 10, டி சேரம் பிளேசிலுள்ள அரசாங்க நிலையத்திலும் அதன் கிளைகளிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பதையும், வந்தவர் விவரம் மறைவாகக் காக்கப்படும் என்பதையும் பல்லவியிலேயே வைத்தல் வேண்டும்; சரணம் வரையிற் காத்திருப்போர் சிலரே.