நாற்பதாம் நாள் பிளேடு

கதவு சாத்திய அறை. பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தையின் அருகில் அமர்ந்து, இச்சடங்கைச் செய்யும் பெண்ணான ஒஸ்தா மாமி புதுப் பிளேடைப் பிரிக்கிறார். துணியில் ஒரு துளி இரத்தம். வெளியே விருந்துச் சமையல்.

இலங்கையின் சோனகர், மலாயர், போரா முஸ்லிம் சமூகங்களில் நடக்கும் பெண்ணுறுப்பு வெட்டு இது. பதுளைத் தோட்ட லயன்களின் இந்து, கிறிஸ்தவத் தமிழரிடம் இவ்வழக்கம் இல்லை. அதனால் பக்கத்துத் தெரு விஷயம்கூட அவர்களின் காதுக்கு எட்டாமல் போகலாம்.

எத்தனை சிறுமிகள்? தேசியக் கணக்கே கிடையாது. கைக்குழந்தைக்கு நடப்பது அவளுக்கு நினைவிருக்காது. தன் மகளுக்கு நாள் குறிக்கும்போதுதான் பலருக்குத் தங்கள் கதையும் தெரியவருகிறது. வீட்டு ஆண்களோ பெரும்பாலும் அறியார். ஆய்வாளர் எந்தக் கதவைத் தட்டுவது?

காரணம் கேட்டால் மார்க்கக் கடமை, சுத்தம், ஆசையை அடக்குதல் என்பார்கள். குர்ஆனில் இதற்குக் கட்டளை இல்லை. ஆனாலும் 2008இல் மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இதைக் கடமை என்றது. பாதிக்கப்பட்ட முஸ்லிம் பெண்களே துணிந்து 2017இல் நாடாளுமன்றக் குழுவிடம் பேசினார்கள். 2018இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை மருத்துவர்கள் இதைச் செய்யத் தடை விதித்தது. மாமியின் பிளேடை அது தொடவில்லை.

உலகில் 23 கோடிப் பெண்கள் இப்படி வெட்டப்பட்டவர்கள் என்கிறது யுனிசெஃப், 2024இல். உடலுக்கு இதனால் நன்மை எதுவும் இல்லை. பதுளையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை நிறுக்கும் குடும்பநல மாது, நாற்பதாம் நாளுக்கு முன்பே தாயிடம் இதைச் சொல்லலாம்.