மழைக்காலத்தில் உப்புக் கசிவதேன்?

ஜவ்வாது மலையில் சாமைக்கும் புளிக்கும் தேனுக்கும் குறைவில்லை. உப்பு ஒன்று மாத்திரம் கடற்கரையிலிருந்தே வந்தாக வேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் உலர்ந்திருந்த கல்லுப்பு, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மலைமேல் ஏறியதும் சாக்கிலேயே கசிந்து ஒழுகுவது, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் அறியாததன்று. உப்பின் விலைக்கு நீரை வாங்குவது நஷ்டமே. இதன் காரணத்தை உணர, உப்பு என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும்.

உப்பு இரு பொருள்களின் சேர்க்கை. ஒன்று ஸோடியம், கத்தியால் அறுக்கத்தக்க மெல்லிய உலோகம். மற்றது குளோரின், மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ள விஷவாயு. ஸோடிய அணுவின் வெளிச்சுற்றில் ஒரே ஓர் எலெக்ட்ரான் தளர்ந்து நிற்கின்றது. குளோரின் அணுவுக்கோ சுற்று நிரம்ப ஓர் எலெக்ட்ரான் குறைவு. இரண்டும் கூடுமிடத்து முன்னது கொடுக்கின்றது, பின்னது பெற்றுக்கொள்கின்றது. சங்கத்துக் கடனைப் போல் இது திரும்பி வருவதன்று. கொடுத்தது நேர்மின்னேற்றமும், பெற்றது எதிர்மின்னேற்றமும் அடைகின்றன. இவ்வாறு மின்னேற்றமடைந்த அணுவுக்கு அயனி என்று பெயர். வேறுபட்ட இவ்விரு மின்னேற்றங்களும் ஒன்றையொன்று இழுக்கும் பிடிப்பே அயனிப் பிணைப்பு.

அயனிகள் ஜோடி ஜோடியாகத் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் மாற்றினம் ஆறு சூழ்ந்து நிற்க, செங்கல் அடுக்கினாற்போல் எத்திசையிலும் வரிசை தொடர்கின்றது. ஆதலின் உப்புக் கல் சதுரக் கட்டியாக அமைகின்றது. 801 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் கொண்டாலன்றி உருகுவதில்லை. ஆயினும் சுத்தியால் தட்டினால் உடைகின்றது. ஒரு வரிசை சற்றே நகர்ந்தவுடன் ஒத்த அயனிகள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன.

இத்துணை உறுதியான கட்டைத் தண்ணீர் எளிதில் அவிழ்த்துவிடும். நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு முனை சிறிது நேர்மின்னும், மறுமுனை சிறிது எதிர்மின்னும் உடையது. அவை அயனிகளைச் சூழ்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துச் செல்கின்றன. எனினும் சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கை எட்டும் வரை உலர்ந்தே இருக்கும். அதற்கு முன்பே கசியச் செய்வது உடன் ஒட்டிவரும் மக்னீஷியம் குளோரைடு. மக்னீஷியம் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, உருவிலும் சிறுத்திருப்பதால் நீரை வெகு வலுவாக இழுக்கின்றது. ஈரப்பதம் 33 பங்கு இருந்தாலே இவ்வுப்பு கரையத் தொடங்கும். உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை வடிக்காமல் வாரிய சரக்கில் இது மிகுதி. குவித்து நெடுநாள் வடியவிட்டதில் குறைவு. நாவில் கசப்புத் தட்டும் உப்பைச் சங்கம் கொள்முதல் செய்யாதிருத்தல் நலம்.

கசிவினால் எடை மாத்திரம் போவதில்லை. முன்கழுத்துக் கழலை வாராமற் காக்கும் அயோடின், பொட்டாசியம் அயோடேட் என்னும் மற்றோர் அயனிச் சேர்மமாகவே உப்பில் சேர்க்கப்படுகின்றது. வாங்குவோர் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒழுகும் நீரோடு அதுவும் இறங்கித் தரையில் சேர்ந்துவிடும். கல்லுப்பைக் கழுவி உபயோகிப்பதிலும் இதே நஷ்டம் உண்டு. ஆகவே கிடங்கில் மூட்டைகளைச் சுவரில் படாமல் பலகைமேல் அடுக்குதல் வேண்டும். வீட்டில் மூடியுள்ள பீங்கான் ஜாடி போதும். தகர டின் ஆகாது. அயனிகள் கலந்த ஈரம் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்.