தோல் சாமான்களைப் பேணும் முறை

தளிப் பிரதேசத்தில் கவலை ஏற்றம் வழங்கிய காலத்தில், தோலைப் பேணும் பழக்கமும் குடியானவர்களிடம் இருந்தது. சென்னையில் 1903-ஆம் ஆண்டையொட்டி ஆல்பிரெட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தியபோது, நீரில் எளிதில் அழுகாத கவலைச் சால் செய்வதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. பம்புகள் வந்தபின் சால் மறைந்தது. எருதுகளின் மணிப்பட்டை, சலங்கை வார், செருப்பு முதலியன மட்டும் நிற்கின்றன.

இவற்றுள் மணிப்பட்டையே அதிகக் கவனத்துக்கு உரியது. தை மாதத்தையொட்டி நடைபெறும் எருதுவிடும் விழாக்களுக்கு வெளியே வருவது, மற்ற மாதங்களில் சுவர் ஆணியிலேயே தொங்குகிறது. உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே மிகுதி. சுமார் 3,000 அடி உயரமுள்ள இப்பகுதியில் ஆவணி முதல் ஐப்பசி வரை மழையும் அதன்பின் பனியும் நீடிக்கின்றன. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70-க்கு மேல் நிலைத்தால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும்.

விழா முடிந்ததும், எருதின் வியர்வை உப்பை நீர் பிழிந்த துணியால் துடைத்துவிட வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும். அழுக்கு மிகுந்தால் மென்மையான சோப்புச் சிறிது போதும். சலவைச் சோடா ஆகாது. அது பதத்தைக் கெடுக்கும். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். அவசரத்தில் அடுப்போரம் வைப்பது பெருந்தவறு. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றாற் பதனிட்ட தோல், நனைந்த நிலையில் 70 முதல் 85 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுருங்கிவிடும். சுருங்கியது பின்னர் நீளாது.

முற்றும் காயுமுன் ஆமணக்கெண்ணெயை மெல்லியதாகத் தடவலாம். எண்ணெய் சொட்டச் சொட்டத் தேய்ப்பதில் பயனில்லை. தோல் தொய்ந்து, எலிக்கு விருந்தாகும். பித்தளை மணியும் குமிழும் தோலைத் தொடுமிடத்தில் பச்சைக் களிம்பு சேருமாதலால் அவ்விடத்தைத் தனியே துடைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பையிற் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதாகும். பருத்தித் துணியிற் சுற்றி, உர மூட்டைகள் இல்லாத அறையில், அகன்ற மரச்சட்டத்தின்மீது போடுவதே நலம். ஆணியில் தொங்கினால் மடிப்பு விழுந்து அவ்விடத்திலேயே வெடிக்கும். மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட விடுக. பூஞ்சணம் கண்டால் வெளியிற் கொண்டுபோய்த் துடைக்க, வீட்டுக்குள் உதறவேண்டா.

விழாவை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகள், பிடிகயிறு கோத்த பட்டைகளை முன்னதாகவே வளைத்துப் பார்க்கும்படி மாட்டுக்காரர்களிடம் சொல்லலாம். பட்டை அறுவது பெரும்பாலும் எருது திமிறும் வேளையில், ஜனங்கள் நெருங்கி நிற்குமிடத்திலேயாம். வளைக்கையில் செந்நிறத் தூள் உதிருமாயின் தோலின் நாரே மக்கிவிட்டது. எண்ணெய் அதனை மீட்காது. அப்பட்டையைக் கழித்துவிட்டு, மணிகளை மட்டும் புதிய பட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும்.