அரங்க மின்விநியோகமும் இணைப்பித் தேர்வும்

கூத்திற்கும் ஒளிக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. மலைநாட்டுத் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்துத் தீப்பந்தங்களின் ஒளியில் ஆடப்பட்டது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் பின்னர்ப் பெற்றோமக்ஸ் விளக்கின் கீழ் நடந்தன. இன்றோ மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதிகளிற் கோயில் முன்றிலிலோ பிரட்டுக்களத்திலோ பாடசாலை மைதானத்திலோ எழுப்பப்படும் மேடை எதுவாயினும், வண்ண விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் இன்றி அமைவதில்லை. பந்தம் ஏந்தியவன் நெருப்பைக் கண்ணாற் கண்டான். ஆதலால் அதற்கு அஞ்சி விலகி நின்றான். மின்சாரமோ கண்ணுக்குப் புலனாவதன்று. அதனைக் கையாளும் முறையிற் சிறிது பிழை நேரினும், அது புலனாகும் கணமே இறுதிக் கணமாகிவிடக்கூடும்.

மின்னொளி அரங்கினுட் புகுந்த காலத்திலேயே இவ்வச்சம் எழுந்தது. 1881ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இலண்டன் சவோய் அரங்கின் உரிமையாளர் டோய்லி கார்ட், எரிந்துகொண்டிருந்த மின்குமிழ் ஒன்றை அவையோர் முன்னிலையில் உடைத்துக் காட்டித் தீப்பற்றாது என மெய்ப்பித்தார். எரிவாயு விளக்கினால் அரங்குகள் பல எரிந்தழிந்த அக்காலத்தில் அது பெரியதோர் ஆறுதலாயிற்று. ஆயினும் குமிழைப் பற்றிய அச்சம் நீங்கினமையால் மின்சாரத்தைப் பற்றிய அச்சம் நீங்கிவிட்டது எனக் கொள்ளுதல் தவறு. 1972 மே 3ஆம் நாள் வேல்சு நாட்டின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர், சரிவரப் புவித்தொடுப்புப் பெறாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர்நீத்தார். விளக்கும் ஒலிவாங்கியும் எத்துணைச் சிறந்தனவாயினும், அவற்றைத் தொடுக்கும் வழி பழுதாயின் பயன் யாது?

அரங்க மின்விநியோகம் என்பது ஓர் ஆற்றின் கிளைவாய்க்கால்களை ஒத்தது. மின்மானியிலிருந்தோ மின்பிறப்பாக்கியிலிருந்தோ வரும் பெருவடம் ஒரு பகிர்வுப் பெட்டியை அடையும். அங்கிருந்து நடுத்தர வடங்கள் மேடையின் பக்கங்களுக்குச் செல்லும். அவற்றிலிருந்து சிறு வடங்கள் ஒவ்வொரு விளக்கிற்கும் பிரியும். வீட்டு மின்னமைப்புச் சுவரினுள் நிலைத்திருப்பது. அரங்க மின்னமைப்போ ஒரு மாலையிற் கட்டப்பட்டு, மறுநாட் காலையில் அவிழ்க்கப்படுவது. ஆதலின் அதில் இணைப்புகள் மிகுதி. வடத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் பழுதடைவதில்லை. வடமும் வடமும் சந்திக்குமிடமே பழுதடைகின்றது. அச்சந்திப்பில் நிற்பதே பேச்சு வழக்கிற் 'பிளக்' எனப்படும் செருகியும், அதனை ஏற்கும் குதையும் ஆகும். இவ்விரண்டையும் சேர்த்து இணைப்பி என்பர்.

இணைப்பியைத் தேர்வோர் முதலிற் கருதவேண்டியது மின்னோட்டத்தின் அளவு. பழைய முறை அரங்க விளக்கொன்று 1000 வாற்று வலுவுடையது. 230 உவோற்றில் அது ஏறத்தாழ 4.3 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அத்தகைய எட்டு விளக்குகளுக்கு ஏறத்தாழ 35 அம்பியர் வேண்டும். வீட்டிலுள்ள 5 அம்பியர் உருண்டைமுட் குதை ஒன்றிலிருந்து இரண்டு விளக்குகளை எரிக்க முயல்வதும் அதன் அளவை மீறுவதாகும். இக்காலத்து எல்.ஈ.டி. விளக்குகள் இச்சுமையைப் பெரிதும் குறைத்துள்ளன. 150 வாற்று விளக்குகள் எட்டிற்கும் ஏறத்தாழ 5.2 அம்பியரே போதும். ஆயின் சுமை குறைந்ததே தவிர, மின்னழுத்தம் குறையவில்லை என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, தொடுகையின் உறுதி. தளர்ந்த செருகியில் ஓர் ஓமின் பத்திலொரு பங்கு தடை மட்டுமே உண்டாயிற்று எனக் கொள்வோம். 13 அம்பியர் பாயுங்கால், ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, 16.9 வாற்று வெப்பம் அச்சிறு முள்ளிலே தோன்றும். இது சிறிய பற்றாசுக்கோலின் வெப்பத்தை ஒக்கும். 32 அம்பியர் பாயின் அவ்வெப்பம் 102 வாற்றிற்கு மேலாகும். குதையின் முகம் கருகுவதும் பிளாத்திக்கு உருகுவதும் இதனாலேயே. உருகியோ சுற்றுடைப்பானோ இதனைத் தடுக்கமாட்டா. ஏனெனில் மின்னோட்டம் தன் அளவை மீறவில்லை. வெறுங்கம்பியைக் குதைக்குட் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கம் எத்துணைக் கேடானது என்பதை இக்கணக்கு ஒன்றே உணர்த்தும்.

மூன்றாவது, புவித்தொடுப்பு. விளக்கின் உலோக உடலில் உயிர்க்கம்பி பட்டுவிட்டால், அம்மின்சாரத்தை மனிதவுடல் வழியாக அன்றி நிலத்திற்குக் கொண்டுசெல்வது புவிக்கம்பி. ஆகவே, நல்ல இணைப்பியிற் புவிமுள் ஏனையவற்றிலும் நீண்டிருக்கும். செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது இறுதியில் விடும். சதுரமுட் குதையில் நீண்ட புவிமுள்ளே மற்ற இரு துளைகளின் மறைப்புகளையும் திறக்கின்றது. அத்துளையிற் பேனா முனையையோ குச்சியையோ நுழைத்து, இருமுட் செருகியை வலிந்து செருகுவோர் நம்மிடையே பலர். அவர்கள் மறைப்பை மட்டும் வெல்லவில்லை, புவித்தொடுப்பையும் கைவிடுகின்றனர்.

நான்காவது, மின்சாரம் வரும் பக்கம் என்றும் குதையாகவே இருத்தல் வேண்டும். ஏற்கும் பக்கமே முள்ளுடையதாகலாம். முட்கள் வெளியே தெரியும் செருகியில் மின்சாரம் நிற்குமாயின், தொட்ட குழந்தைக்கும் தப்பில்லை. மின்பிறப்பாக்கியிலிருந்து மண்டபத்தின் சுவர்க்குதைக்கு, இருபுறமும் செருகியுள்ள வடமொன்றாற் தொடுப்போர் உளர். 2022ஆம் ஆண்டில் மின்வெட்டு ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்ட காலத்தில், இவ்வழி எளிதெனப் பலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆயினும் ஒரு முனையைப் பிடுங்கியவன் கையில் உயிருள்ள முட்கள் நிற்கும். அன்றியும், தலையாளி மூடியிருப்பின் மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிச் சென்று, அங்குத் திருத்தவேலை செய்யும் தொழிலாளியைக் கொல்லவும் கூடும்.

இனி, இணைப்பிகளின் வகைகளை நோக்குவோம். இலங்கை வீடுகளில் 5, 15 அம்பியர் உருண்டைமுள் வகைகளும், 13 அம்பியர் சதுரமுள் வகையும் வழங்கி வந்தன. அண்மைய ஆண்டுகளிற் சதுரமுள் வகையே தேசியத் தரமாக விதிக்கப்பட்டுள்ளது. சதுரமுட் செருகியினுள்ளே உருகி உண்டு. வீட்டிற்கு அது நன்மை. ஆனால் மேடைக்கு மேலே உயரத்திற் கட்டிய விளக்கின் செருகியினுள் உருகி எரிந்துபோனால், நாடகத்தின் நடுவே ஏணி வைத்து ஏறுவார் யார்? இது கருதியே பிரித்தானிய அரங்குகள் உருகியில்லாத 15 அம்பியர் உருண்டைமுள் வகையை இன்றும் வைத்துள்ளன. அங்கே பாதுகாப்பு ஒளிக்கட்டுப்பாட்டுப் பெட்டியில் அமைந்துள்ளது. பயனறிந்து தேர்தல் என்பது இதுவே.

பெருஞ்சுமைக்கு ஏற்றது கைத்தொழில் வகை வட்ட இணைப்பி. அது 16, 32, 63, 125 அம்பியர் அளவுகளில் அமைந்தது. மஞ்சள் நிறம் 110 உவோற்றையும், நீலம் 230 உவோற்றையும், சிவப்பு 400 உவோற்றையும் குறிக்கும். நிறம் மட்டுமே வேறுபட்டிருப்பின் இரவில் ஏமாறலாம். ஆதலின் அளவு மாறினால் விட்டம் மாறுமாறும், மின்னழுத்தம் மாறினாற் புவிமுள்ளின் இடம் மாறுமாறும் அமைத்துள்ளனர். கடிகார முகத்தை ஒப்ப நோக்கின், நீலத்திலும் சிவப்பிலும் புவிமுள் ஆறுமணித் திசையிலும், மஞ்சளில் நான்குமணித் திசையிலும் நிற்கும். நீலத்திற்கு மூன்று முட்களே; மூன்று அவத்தைச் சிவப்பிற்குப் பெரும்பாலும் ஐந்து. மூடியுடைய வகை தெறிக்கும் நீரையும், இறுக்கு வளையமுடைய வகை சிறிதுபோது நீரில் அமிழ்தலையும் தாங்கும். மார்கழித் திருவெம்பாவையும் தைப்பொங்கலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வரும் ஊவா மலைகளுக்கு இது சிறு நன்மையன்று.

விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப் பவர்கோன் எனப்படும் பூட்டு இணைப்பி பயன்படுகின்றது. அதில் நீலம் மின்சாரம் புகுவது; சாம்பல் நிறம் வெளிச்செல்வது. ஒன்று மற்றதனுட் புகாது. எனினும் அதன் முதல் வகையைச் சுமை ஓடும்போது பிரித்தலாகாது. பின்னர் வந்த ட்ரூ ஒன் வகையே அதற்கேற்ப அமைந்தது. பல்லாயிரவர் கூடும் பெருவிழாக்களில் நானூறு அம்பியர் தாங்கும் ஒற்றைமுனை இணைப்பிகள் உண்டு. இவற்றிற் புவி, நொதுமல், அவத்தைகள் என்னும் முறையிலேயே தொடுத்தல் வேண்டும். பிரிக்கும்போது இம்முறை தலைகீழாகும். பயிற்சி பெற்றோர் அல்லாதார் இவற்றைத் தொடுதல் கூடாது.

நொதுமல் ஏன் இத்துணை முதன்மை பெறுகின்றது? மூன்று அவத்தை அமைப்பில் நொதுமல் அறுந்துவிடின், 230 உவோற்றுக்கு அமைந்த கருவிகள் சில 400 உவோற்றை அண்மிக்கும் மின்னழுத்தத்தை ஏற்க நேரும். விளக்கும் ஒலிபெருக்கியும் ஒருங்கே கருகும். கம்பியின் நிறத்தை மட்டும் நம்புதலும் பிழைக்கு வழியாகும். பழைய பிரித்தானிய முறையிற் கறுப்பு நொதுமல், நீலம் ஓர் அவத்தை. புதிய முறையில் நீலம் நொதுமல், கறுப்பு ஓர் அவத்தை. இரு முறைகளும் ஒரே மேடையிற் சந்திக்குமாயின் விளைவு யாதாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து முட்களையும் தத்தம் இடத்திலன்றிச் சேரவிடாத இணைப்பி, அறிந்தவர் ஒருவர் முறையாகக் கம்பி பூட்டிச் சோதித்த பின்னர், அப்பிழைக்கு இடந்தராது.

இவற்றால் விளங்குவது யாதெனின், சிறந்த இணைப்பி என்பது விலையுயர்ந்ததன்று. தவறாகத் தொடுக்க இயலாததே சிறந்தது. தோட்டத்து மேடையை அமைப்போர் மின்பொறியியலாளர் அல்லர். பகலெல்லாம் மலையில் உழைத்து, மாலையில் விழாப் பணிக்கு வரும் இளைஞர்கள். களைப்பும் இருளும் அவசரமும் அவர்களுடன் சேர்ந்தே வரும். அவர்களுடைய நினைவாற்றலை மட்டும் நம்பி உயிர்களை ஒப்படைத்தல் அறமாகாது. அறிவை முள்ளின் நீளத்திலும் குதையின் வடிவத்திலும் பதித்துவைத்தல் வேண்டும்.

விழாக் குழுவினர் செய்யத்தக்கன சிலவே. தகுதியுள்ள மின்தொழிலாளர் ஒருவரைக் கொண்டு மூலத் தொடுப்பை அமைத்தல். 30 மில்லியம்பியர் மீதியோட்டச் சுற்றுடைப்பான் பொருத்திய பகிர்வுப் பெட்டி ஒன்றை வைத்திருத்தல். பெருவடத்திற்குக் கைத்தொழில் வகையையும் சிறு கருவிகளுக்கு 13 அம்பியர் சதுரமுள் வகையையும் கொண்டு, வேறு வகைகளைக் கலவாதிருத்தல். இணைப்பிகளை நிலத்தினின்று உயர்த்தி நனையாது வைத்தல். கருகிய செருகியை மீண்டும் பயன்படுத்தாது எறிதல். ஒருமுறை வாங்கிப் பொதுவில் வைத்தால், இவை பல ஆண்டு விழாக்களுக்கு உதவும். பந்தலுக்கும் மாலைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குதல் கலைக்குச் செய்யும் தொண்டே. ஆடுவோரும் காண்போரும் பொழுது புலர்ந்ததும் நலமாக இல்லம் திரும்புதல் அன்றோ விழாவின் நிறைவு?