முந்திரிக்காட்டு கேக்

டிசம்பர் பிறந்ததும் கடலூர், சிதம்பரம் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பழக் கேக் வந்துவிடுகிறது. ஆசையாக வாங்குகிறோம். வீட்டில் செய்யலாமே என்றால் மட்டும் தயக்கம். ஓவன் இல்லை, வெளிநாட்டு உலர்பழம் இல்லை, நமக்குக் கைவராது என்று காரணங்கள் வரிசையாக வரும். எதையும் நான் ஏற்கமாட்டேன். பழக் கேக்குக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி விளைகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசலாமா?

சர்க்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் நெல்லிக்குப்பம். 1842-ல் அங்கே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. பிற்பாடு அது பாரி நிறுவனத்தின் ஆலையானது.

முந்திரிதான் இந்த மண்ணின் பெருமை. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் ஊர் ஊராகக் காடாகிவிட்டது. மார்கழியில் சிதம்பரத்து வீடுகளில் கிண்டும் திருவாதிரைக் களியில் நெய்யில் வறுபட்டு விழுவதும், அதே நாட்களில் கடலூர்க் கிறிஸ்தவ வீடுகளின் கேக்கில் சேர்வதும் இந்தக் கொட்டைதான்.

நம் கைக்கு வெள்ளை வெளேரென்று வருகிற பருப்புக்குப் பின்னால் பெண்களின் உழைப்பு இருக்கிறது. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு கொட்டையை உடைத்து, பருப்பைக் காயவைத்து, மேல்தோலை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கிறார்கள். அந்த விரல்களைப் பார்த்தவர்கள் முந்திரி விலை அதிகம் என்று சொல்ல யோசிப்பார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. தாத்தா காலத்து முந்திரியும் பலாவும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தேவனாம்பட்டினம் முதலான மீனவர் ஊர்களைச் சுனாமி அடித்துச் சென்றது. இந்த மாவட்டத்துக்கு டிசம்பர் பண்டிகை மாதமாக மட்டும் இருந்ததில்லை. சாய்ந்த காடுகளில் மறுபடி கன்று நட்டார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி.ஆர்.ஐ.-3 போன்ற ஒட்டு ரகங்கள் சில ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். பழைய மரம் தந்த நிழல் வர ஒரு தலைமுறையாவது ஆகும். அதனால்தான் கேக்குக்கு முந்திரி வாங்கும்போது பண்ருட்டிப் பருப்பாகக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். முழுப் பருப்பு வேண்டாம். எப்படியும் நறுக்கத்தான் போகிறோம். உடைசல் பருப்பே போதும், விலையும் குறைவு.

உள்ளூர்ச் சரக்கை வைத்துக் கேக் செய்வது புதிய யோசனை அல்ல. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883-ல் தலச்சேரியில் உருவானது என்பார்கள். தோட்ட முதலாளி பிரவுன், மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி அதுபோல் செய்யச் சொன்னாராம். பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப் பழமும் வாழைப்பழமும் ஊறிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் பாபு. பிரவுனுக்குப் பிடித்துப்போயிற்று. நமக்குச் சாராயம்கூட வேண்டாம், ஆரஞ்சுச் சாறு போதும்.

உடைத்த முந்திரி 100 கிராம், உலர்திராட்சை 100, பேரீச்சை 50, பலாச்சுளை வற்றல் 50. பலா சீசனில் சுளையைக் கீறிச் சர்க்கரைப் பாகில் கண்ணாடி போலாகும்வரை கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்தால் அதுதான் வற்றல். அது இல்லாதவர்கள் டுட்டி ஃப்ரூட்டி போடலாம், அதுவும் பப்பாளிக்காய்தான். முந்திரியைத் தனியே வைத்துவிட்டு, பழங்களை 100 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

கேக்கின் கரும்பழுப்பு நிறம் கருக்கிய சர்க்கரையில் வருவது. 75 கிராம் சர்க்கரையை அடிகனமான பாத்திரத்தில் உருக்கி, நன்றாகச் சிவந்து புகை எழும் நேரத்தில் அடுப்பை அணைத்து, கால் டம்ளர் வெந்நீரைத் தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. லேசான கசப்பு இருந்தால்தான் தித்திப்பு திகட்டாது.

கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வெண்ணெய். குளிர்நாட்டுப் புத்தகங்கள் அதை வெளியே வைத்து இளக்கச் சொல்லும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது எண்ணெயாக ஓடிவிடும். விரல் அழுந்தினால் போதும், வழியக் கூடாது. 150 கிராம் வெண்ணெயையும் 150 கிராம் பொடித்த சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடிக்கும்போது உள்ளே சிக்குகிற காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, ஆறிய கருக்கலை ஊற்றுங்கள். 200 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி சேர்த்துச் சலித்துக் கலந்த பிறகு அடிக்கக் கூடாது. கடைசியில் பழமும் முந்திரியும்.

ஓவனுக்குப் பதில் பழைய குக்கர். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு அங்குலம் உப்புப் பரப்பி, தட்டு வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. மாவு ஊற்றிய டின்னை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம். ஐம்பதாவது நிமிடத்தில் ஈர்க்குச்சி குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஓவன் இருப்பவர்கள் 160 டிகிரியில் வைக்கலாம்.

சூட்டோடு மூடிவிட்டால் ஆவி உள்ளேயே வேர்த்து, மழைக்கால ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். முழுக்க ஆறிய பிறகு பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஒருநாள் பொறுத்து வெட்டினால் உதிராது, பழத்தின் வாசமும் மாவில் இறங்கியிருக்கும். நாலு நாளுக்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.