ஒரு சாம்ராஜ்யம்... ஒரு தரம், ரெண்டு தரம்!

ஆபீஸ் ஏலச் சீட்டில் வீம்புக்காகத் தள்ளிக் கேட்டு, கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்தத் தகுதியில்தான் டிடியஸ் ஜூலியானஸ் மேல் எனக்கு ஒரு பரிவு. நான் கேட்டது வெறும் சீட்டு. ஆசாமி கேட்டது ரோம சாம்ராஜ்யத்தை!

கி.பி. 193, மார்ச் 28. சக்கரவர்த்தி பெர்ட்டினாக்ஸை அவருடைய காவல்படையே வெட்டிச் சாய்த்துவிட்டது. பாவம், ஆண்டதே 87 நாள். அடுத்து யார்? 'எவர் ஜாஸ்தி தருகிறாரோ, அவர்!' முகாமுக்கு உள்ளே இருந்து விலை கேட்டவர் சல்பீசியானஸ். யார் தெரியுமோ? செத்தவரின் மாமனார்! அதுவும் மாப்பிள்ளை செத்த அன்றைக்கே! வெளியே மதிலருகே நின்று கத்தியவர் நம் ஜூலியானஸ். பெரும் பணக்காரர். சிப்பாய்கள் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் போய்ச் சொல்லிச் சொல்லி விலையை ஏற்றினார்கள். தலைக்கு 20,000 செஸ்டர்டியஸ் என்று வந்தபோது, ஜூலியானஸ் ஒரே தாவலில் '25,000' என்று கத்தி, விரலாலும் காட்டினார். கதவு திறந்தது.

சாதாரணப் போர்வீரனுக்கு அப்போது வருஷச் சம்பளம் 1,200 செஸ்டர்டியஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது வருஷச் சம்பளம் ஒரே நாளில் போனஸ்! எந்த யூனியன் வாங்கித் தரும்?

பேப்பர், டி.வி. இல்லாத காலம். நாணயம்தான் அரசாங்கத்தின் போஸ்டர். ஜூலியானஸ் வெளியிட்ட வெள்ளி தினாரியஸ் ஒன்றைப் படத்தில் பார்த்தேன். இரண்டு படைக்கொடிகளைப் பிடித்தபடி ஒரு தேவதை. சுற்றிலும் பொறித்திருப்பது, 'படைவீரர்களின் ஒற்றுமை'! இன்னொன்றில் உலக உருண்டையைக் கையில் ஏந்தி இவரே நிற்கிறார்: 'உலகை நடத்துபவர்'. மனைவிக்குத் தனி நாணயம், மகளுக்குத் தனி நாணயம். மகளுடையதில் 'காலத்தின் குதூகலம்' என்று எழுத்து. தெருவிலோ ஜனங்கள் அப்பா மேல் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள்!

நாணயத்தைக் கடித்துப் பார்த்தால் சமாசாரம் இன்னும் மோசம். பெர்ட்டினாக்ஸ் 87 சதவீதம் வரை உயர்த்தி வைத்த வெள்ளியை, இவர் 81 சொச்சத்துக்கு இறக்கினார். எடையிலும் கை வைத்தார். அப்படியும் பேசின தொகை வந்து சேரவில்லை என்று படையில் முணுமுணுப்பு.

இதற்குள் டான்யூப் நதிப்பக்கமிருந்து செப்டிமியஸ் செவரஸ் பெரும்படையோடு கிளம்பிவிட்டார். 25,000 விலை வைத்த காவல்படை கைகழுவியது. செனட் சபை பல்டியடித்து மரண தண்டனை விதித்தது. ஜூன் தொடக்கத்தில் ஒரு சிப்பாய் அரண்மனைக்குள் புகுந்து கதையை முடித்தான். மொத்தம் 66 நாள். 'நான் என்ன தப்பு செய்தேன், யாரைக் கொன்றேன்' என்று கேட்டபடியே செத்தாராம். அவர் காலத்து செனட்டர் டியோ எழுதி வைத்திருக்கிறார். நியாயமான கேள்விதான், பெர்ட்டினாக்ஸைக் கொன்றது இவரில்லையே!

செவரஸ் விவரமானவர். காவல்படையை ஆயுதமில்லாமல் வரச் சொல்லி, சுற்றி வளைத்து, மொத்தமாக டிஸ்மிஸ் செய்தார். பிற்பாடு வெள்ளியைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தவரும் அதே செவரஸ்தான்! ஆனால் அவர் ஆண்டது 17 வருஷத்துக்கு மேல்.

66 நாள் ஆட்சி என்பதால் ஜூலியானஸ் நாணயங்கள் அபூர்வம். சேகரிப்பவர்கள் இன்றைக்கும் நல்ல விலை கொடுக்கிறார்கள். பெரும்பாலும் ஏலத்தில்!