பிறபொருளெதிரியும் லயன் அறையும்

நோயைக் கிருமியின் வினையாக மட்டும் காண்பது போதாது என்பதை ஸ்ரெப்ரோகொக்கசுப் பற்றீரியா பற்றிய ஆய்வு நமக்கு உணர்த்துகிறது.

நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் றெபேக்கா லான்ஸ்பீல்ட், கொல்லப்பட்ட கிருமிகளை முயல்களுக்கு ஏற்றினார். அவற்றின் குருதியில் உருவான எதிர்ப்புப் புரதங்களாகிய பிறபொருளெதிரிகள், கிருமிச் சுவரிலிருந்து பிரித்தெடுத்த உரிய காபோவைதரேற்றுடன் மட்டும் சேர்ந்து வீழ்படிவாயின. 1933இல் இம்முறையாலேயே அவர் இக்கிருமிகளைக் கூட்டங்களாகப் பகுத்தார். ஆய்வுகூடங்கள் இன்றும் அப்பகுப்பையே கையாளுகின்றன.

‘ஏ’ கூட்டக் கிருமி தொண்டை அழற்சியைத் தருவது. பெனிசிலின் கிடைக்காத சிறுவர் சிலரில், கிருமிக்கெதிரான உடலின் எதிர்ப்பே இதய வால்வுகளையும் தாக்குகிறது. இதுவே வாதக் காய்ச்சல். கிருமி மூச்சுத் துளிகளால், நெரிசலான இருப்பிடங்களில் எளிதிற் பரவும். ஆகவே இருப்பிடத்தையும் நாம் ஆராய வேண்டியுள்ளது.

ஹற்றன், நுவரெலியா மலைகளில் வெள்ளைத் துரைமார் கட்டுவித்த லயன்களில், ஏறத்தாழ 10க்கு 12 அடி அறையொன்றே ஒரு குடும்பத்தின் வீடாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. லயன்களோ முற்றாக அகலவில்லை.

பிறபொருளெதிரி கிருமியை இனங்காட்டும். அது பரவும் அறையை மாற்றாது. எனவே தொழிலாளருக்கு ஆய்வுகூட வசதியோடு காணியும் வீடும் உரிமையாதல் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.